பேஸ் கிற்றாருக்கு ஏற்ற பெட்டி

தமக்கையார் கனடாவிலிருந்து அனுப்பிய பணத்தோடு சென்ற வாரம் எம் மாணவனொருவன் வந்து, தன் பேஸ் கிற்றாருக்கு எந்த ஒலிபெருக்கிப் பெட்டி நன்று என வினவினான்.

யாழ்ப்பாணக் கோவில் வீதிகளிற் கட்டும் புனற்குழாய் இதற்கு உதவாது. அது பேச்சுக்கும் நாதசுரத்துக்குமே போதும். பேஸ் கிற்றாரின் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்வது. அலைநீளமோ 8 மீற்றருக்கு மேல். கூம்பின் முன்புறத்து அலையைப் பின்புறத்து அலை வந்து அழியாது காப்பதே பெட்டியின் தொழில். வீணைக்குடம் தந்தியோடு சேர்ந்து அதிரவேண்டும். இப்பெட்டியின் பலகையோ அதிரலாகாது. ஆதலின் பலகையின் தடிப்பையும் மூட்டின் இறுக்கத்தையும் தட்டிப் பார்த்தே கொள்க.

வாற்று எண்ணைக் கண்டு மயங்கற்க. அம்பிளிபயர் 4 ஓம் வரையே தாங்குமெனின், 8 ஓம் பெட்டிகள் இரண்டைச் சமாந்தரமாய் இணைக்கலாம். மூன்றாவது அதற்கு ஆபத்து.

மூன்று வாங்க எண்ணி வந்த பிள்ளை ஒன்றோடு நின்றான். மிகுதிப் பணம் தங்கையின் வகுப்புக் கட்டணமாயிற்று.