மனசைத் தேத்திக்கச் சொல்லாதீங்க, கூலியைக் கொடுங்க

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலைக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்கும் விளக்கு, தண்ணீர், காவல் எல்லாம் உண்டு. இருக்கட்டும். மறுநாள் காலை தண்டராம்பட்டுப் பக்கத்துக் காலனியிலிருந்து ஒரு தாய், ஆட்டிசம் உள்ள ஆறு வயது மகனைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வருகிறார் என்று வையுங்கள். ஹாரன் சத்தத்தில் பையன் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். "புள்ளைய வளக்கத் தெரியல" என்று முன்சீட்டிலிருந்து குரல் வரும். பயிற்சி முக்கால் மணி நேரம்தான், ஆனால் ஒரு நாள் கூலி போய்விடும்.

இந்தத் தாய்க்கு என்ன ஆதரவு கிடைக்கிறது? கோயில் வாசலில் "போன ஜென்மத்து வினை" என்கிறார்கள். ஆலோசனைக் கூட்டத்தில் "உங்களுக்கென்று கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்" என்கிறார்கள். முதலாவது பழி, இரண்டாவது கேலி. அவர் களையெடுக்கப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? கட்டில் காலில் கட்டிவிட்டுப் போகிற வீடுகள் உண்டு. கயிற்றைப் பார்த்துக் கொதிக்கிறவர்கள் அந்தக் கூலியை யோசிப்பதில்லை. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் கருகினார்கள். காப்பகங்களை மூடினார்கள். குடும்பங்கள் ஏன் அங்கே கொண்டுபோய் விட்டன என்ற கேள்வியையும் சேர்த்தே மூடிவிட்டோம்.

இதில் சாதி எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வசதியான மேல்சாதி வீட்டுப் பிள்ளை எழுத்தைத் தலைகீழாக எழுதினால் அது டிஸ்லெக்சியா. பரிசோதனை, தனிப்பயிற்சி, தேர்வில் கூடுதல் நேரம் என்று வழி திறக்கிறது. காலனிப் பிள்ளை அப்படி எழுதினால் "அதுங்களுக்குப் படிப்பு ஏறாது". அங்கே காரணம் மூளையின் அமைப்பு, இங்கே காரணம் பிறப்பு. பரிசோதனைக்கே அனுப்பாத பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் உதவித்தொகையும் இல்லை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. ஊதியம் வாங்கியோ வாங்காமலோ பராமரிக்கும் எவரும், பெற்றோர் உட்பட, 'பராமரிப்பாளர்' என்கிறது 2-வது பிரிவு. அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை என்கிறது 24-வது பிரிவு. ஆனால் அதே பிரிவில் "அரசின் பொருளாதாரச் சக்திக்கு உட்பட்டு" என்று ஒரு கொல்லைப்புறக் கதவும் இருக்கிறது. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு உடையோருக்கான மாத உதவித்தொகை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. நாளுக்கு 67 ரூபாய்கூட வராது. ஒரு தாயின் இரவுபகல் உழைப்புக்கு இதுதான் விலையா?

நம்மையும் கேட்டுக்கொள்வோம். 2023 ஜனவரி 30 அன்று தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தபோது கொண்டாடினோம். கொண்டாட வேண்டிய நாள்தான். ஆனால் நம் கூட்டங்களுக்குள் இந்தத் தாய் நுழைய முடிகிறதா? பிள்ளை கத்தினால் நாமும் திரும்பி முறைக்கிறோம். பிறகு அவர் வருவதில்லை. ஏன் வரவில்லை என்று கேட்க அவர் வீட்டுக்கு யாரும் போவதுமில்லை.

மாவட்டத்தின் 18 ஒன்றியங்களிலும் வாரம் இரண்டு நாளாவது பயிற்சியாளர் வர வேண்டும். பயிற்சி நாளுக்குப் பயணப்படியும் இழந்த கூலியும் கொடுக்க வேண்டும். தாய் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பகல்நேர மையம் காலனிக்குப் பக்கத்தில் வேண்டும். இவை நம் கோரிக்கைப் பட்டியலில் நிலத்துக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் பக்கத்தில் இருக்க வேண்டியவை.

மாணவத் தோழர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிறு அப்படி ஒரு வீட்டுக்குப் போங்கள். அடையாள அட்டை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். பிள்ளையோடு இரண்டு மணி நேரம் இருங்கள். அந்த அம்மா தூங்கட்டும்.

ஜெய் பீம்.