சண்டை பெரியவர்களுக்கு... தண்டனை வீரர்களுக்கா?



இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்குள் ஏதோ தகராறு. உடனே, "இனிமே அந்த வீட்டுப் பையனோட கிரிக்கெட் விளையாடப் போகாதே!" என்று உங்களுக்கு உத்தரவு வரும். சண்டை போட்டது அவர்கள். ஆட்டத்தை இழப்பது நீங்கள். எவ்வளவு கோபம் வரும்?

இதே கூத்து, ஒலிம்பிக் போட்டியிலும் நடந்திருக்கிறது. அதைத் தடுக்க எட்டு ஆண்டுகள் அல்லாடிய ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

அவர் கில்லானின் பிரபு. இயற்பெயர், மைக்கேல் மோரிஸ். அயர்லாந்துக்காரர். 1914 ஜூலையில் லண்டனில் பிறந்தார். பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் உலகப் போர்க்களத்தில் அப்பா இறந்து போனார். பெரியப்பாவுக்குப் பின், சிறுவனாக இருந்தபோதே 'பிரபு' பட்டம் இவருக்கு வந்தது.

பட்டம் கிடைத்துவிட்டதே என்று சும்மா உட்காரவில்லை. பத்திரிகை நிருபர் ஆனார். 1937ல் மூண்ட சீன - ஜப்பான் போருக்கு நேரில் போய், செய்தி அனுப்பினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் பணியாற்றினார். 1950ல் அயர்லாந்து ஒலிம்பிக் கவுன்சிலின் தலைவர். 1972ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர்!

பெரிய நாற்காலிதான். ஆனால், அது முள் நாற்காலி. அவர் தேர்வான அதே ஆண்டு, மியூனிக் ஒலிம்பிக்கில் பயங்கரவாதிகளால் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் உயிரிழந்தனர். அந்தச் சோகத்தோடுதான் கில்லானின் பொறுப்பேற்றார்.

அடுத்து, 1976ல் மான்ட்ரியல் ஒலிம்பிக். தென் ஆப்பிரிக்காவில் அப்போது நிறவெறி ஆட்சி. அங்கே நியூசிலாந்து ரக்பி அணி போய் விளையாடியது. "நியூசிலாந்தை ஒலிம்பிக்கில் சேர்க்காதீர்கள்" என்றன ஆப்பிரிக்க நாடுகள். ரக்பி அப்போது ஒலிம்பிக் விளையாட்டே அல்ல; எங்களால் தலையிட முடியாது என்றது கமிட்டி. 20க்கும் மேற்பட்ட நாடுகள் விலகிக் கொண்டன.

இதில் யாருக்கு நஷ்டம் தெரியுமா? தான்சானியா நாட்டு ஓட்டக்காரர் பில்பர்ட் பாயிக்கு! 1974ல் 1,500 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை படைத்தவர் அவர். அன்று இரண்டாவதாக வந்தவர், நியூசிலாந்தின் ஜான் வாக்கர். இருவரும் மான்ட்ரியலில் மோதுவதைக் காண உலகமே காத்திருந்தது. பாயி ஓடவே இல்லை. வாக்கர் தங்கம் வென்றார். பாயி ஓடியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? இன்றுவரை விடை கிடையாது.

அடுத்தது 1980 மாஸ்கோ. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து, "மாஸ்கோவுக்குப் போகக் கூடாது" என்றார் அமெரிக்க அதிபர் கார்ட்டர். கில்லானின் என்ன செய்தார்? மாஸ்கோ போய் சோவியத் தலைவர் பிரஷ்னேவைச் சந்தித்தார். வாஷிங்டன் போய் கார்ட்டரைச் சந்தித்தார். இருவரும் இறங்கி வரவில்லை. 80 நாடுகள் மட்டுமே கலந்து கொண்டன.

அந்த ஒலிம்பிக்கில்தான், சென்னைக்காரரான பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால், பாகிஸ்தானும் மேற்கு ஜெர்மனியும் வரவில்லையே! அவர்களையும் எதிர்த்து ஆடி ஜெயிக்கும் வாய்ப்பு, நம் வீரர்களுக்குக் கிடைக்கவில்லை. வராதவருக்கு மட்டுமல்ல, வந்தவருக்கும் நஷ்டம்தான்.

சரி, விலகியதால் ஆப்கானிஸ்தானுக்கு நன்மை வந்ததா? சோவியத் படை 1989ல்தான் வெளியேறியது. நடுவில் நடந்தது, பழிக்குப் பழி. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கை சோவியத் நாடு புறக்கணித்தது.

"அப்படியானால், அநியாயத்தைக் கண்டும் பேசாமல் விளையாட வேண்டுமா?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! ஆப்பிரிக்க நாடுகளின் கோபம் நியாயமானதுதான். தென் ஆப்பிரிக்கா, தோலின் நிறம் பார்த்து வீரர்களைப் பிரித்தது. தப்பு விளையாட்டுக்குள்ளேயே இருந்தது. அதனால், 1970ல் அந்த நாட்டை ஒலிம்பிக் கமிட்டி வெளியேற்றியது சரியே. ஆனால், எந்தத் தப்பும் செய்யாத பாயியை வீட்டில் உட்கார வைத்தது சரியா? தப்பு செய்தவரைத் தண்டிக்கலாம். பக்கத்தில் நின்றவரை அல்ல. இதுதான் என் கருத்து.

கில்லானின் இரண்டு முறை தோற்றார். ஆனால், ஒரு கதவைத் திறந்துவிட்டுப் போனார். 1958ல் ஒலிம்பிக் அமைப்பை விட்டு விலகிய சீனா, மீண்டும் வர 1979ல் வழி பிறந்தது. தைவானும் 'சீன தைபே' என்ற பெயரில் பங்கேற்க இடம் கிடைத்தது. பேசிப் பேசியே இது நடந்தது. 1984ல் சீனா 15 தங்கம் வென்றது. 2008ல் பீஜிங்கில் ஒலிம்பிக்கையே நடத்தியது!

கில்லானின் 1980ல் பதவியிலிருந்து விலகினார். 1999ல் டப்ளின் நகரில் காலமானார். ஒலிம்பிக் பதக்கம் எதுவும் அவர் வென்றதில்லை. ஆனால், மற்றவர்கள் ஓடுவதற்கு மைதானம் திறந்திருக்க வேண்டும் என்று பாடுபட்டார்.

நாளை உங்கள் தெருவில், "அவனைச் சேர்க்காதே" என்று யாராவது சொன்னால், "அவன் என்ன தப்பு செய்தான்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால், மட்டையை அவன் கையில் கொடுங்கள்!