சாம்பல் குழியில் இறங்கியது யார்?

நீராவி எஞ்சினை நினைத்து உருகுகிறவர்களுக்கு மயிலாப்பூரில் பஞ்சமில்லை. அங்கே ஒரு சின்ன அரங்கில் பழைய ரயிலடி நினைவுகளைப் பேசினார்கள். வங்கியில் கணக்கை முடித்துவிட்டு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். விழுப்புரம் ஜங்ஷன், அப்பாவுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ், வாசல் வேப்பமரம், ராத்திரி விசில், கண்ணில் விழுந்த கரித்தூள். ஒருவர் சொன்னார்: "அந்தக் காலத்துல யார்டுல ஜாதியே கெடையாது சார். எல்லாரும் ஒரே ரயில்வே குடும்பம்." கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்த யார்டுக்கு இன்னொரு பக்கம் இருந்தது. நான் அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். மாம்பலம் வழியாக கடற்கரை – தாம்பரம் மின்ரயில் 1931இலேயே ஓடியது. 1960களில் மீட்டர்கேஜ் மின்பாதை விழுப்புரம்வரை நீண்டது. எழும்பூரிலிருந்து வரும் வண்டிக்கு அங்கே மின்சார எஞ்சினைக் கழற்றுவார்கள். அதற்கப்பால் பல வண்டிகளுக்குக் கரி எஞ்சின்தான். பட்டணத்துக்குப் புகையில்லாத பயணம், சாம்பலெல்லாம் விழுப்புரத்துக்கு. சேரிகளின் தலையில் ஒரு ஊர் எப்படிச் சுத்தமாகிறது என்பதற்கு இதைவிட நல்ல படம் வேண்டாம்.

ஓடி வந்த எஞ்சினைச் சாம்பல் குழிமேல் நிறுத்துவார்கள். அடுப்பைக் கிளறிவிட்டால் தணலும் இறுகிப்போன கரிக்கட்டியும் குழியில் கொட்டும். தண்ணீர் அடித்தால் கந்தக நாற்றத்தோடு ஆவி மேலே எழும்பும். அது அடங்குமுன் ஆள் குழிக்குள் இறங்க வேண்டும். இறங்கி, அள்ளி, கூடையில் ஏற்றி வெளியே கொட்ட வேண்டும். அடுத்த எஞ்சின் காத்துக்கொண்டிருக்கும். என் தாத்தா அந்தக் குழியில் இறங்கியவர். தினக்கூலி. பெயர் எந்த நிரந்தரப் பதிவேட்டிலும் ஏறவில்லை. இருமிக்கொண்டே செத்தார்.

வெளியே கொட்டிய சாம்பல் மேட்டில் ஆயா பாதி வெந்த கரி பொறுக்கினாள். டீக்கடைக்கு விற்கத்தான். ஆறும்வரை காத்திருக்கக் கூடாதா என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "ஆறினா போலீஸ்காரன் வந்துருவான்டா. சூடா இருக்கச்சொல்லதான் அது நம்மளுது" என்றாள். அவள் உள்ளங்கை ரேகை தேய்ந்து போயிருந்தது. வங்கியில் கைநாட்டு வைக்க வரும் கிழவிகளின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான்.

'யார்டில் சாதி இல்லை' என்கிறவரிடம் கேட்கிறேன். சாம்பல் குழியில் இறங்கியவர் யார்? தண்டவாளத்தில் பயணிகள் விட்டுச் சென்ற மலத்தை வாரியவர் யார்? டிக்கெட் கவுன்ட்டருக்குள் உட்கார்ந்தவர் யார்? வேலைக்குப் பெயர் இங்கிலீஷில் இருந்தது. ஆளை எடுத்தது மனு.

இது நான் கண்டுபிடித்ததில்லை. 1938 பிப்ரவரியில் மன்மாட் என்ற ரயில்வே ஊரில், ஒடுக்கப்பட்ட வகுப்பு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பாபாசாகேப் அம்பேத்கர் பேசினார். தீண்டப்படாதவர் கேங்மேனாகவே கிடக்கிறார், போர்ட்டர் வேலைகூட அவருக்குக் கிடைப்பதில்லை என்றார். காரணத்தையும் சொன்னார்: போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டரின் வீட்டு வேலையும் பார்க்க வேண்டும், தீண்டப்படாதவரை வீட்டுக்குள் யார் விடுவார்? அந்த மேடையில்தான் தொழிலாளிக்குப் பார்ப்பனியம், முதலாளியம் என்று இரண்டு எதிரிகள் என்றார். நம் இடதுசாரித் தோழர்களில் பலர் இரண்டாவதை மட்டும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பொன்மலையில் 1946 செப்டம்பர் 5 அன்று சுடப்பட்டு இறந்த ஐந்து தொழிலாளர்களுக்கு நானும் தலைவணங்குகிறேன். 1974 மே மாத வேலைநிறுத்தம் தற்காலிகத் தொழிலாளரை நிரந்தரமாக்கச் சொன்னது, அதையும் மறக்கவில்லை. ஆனால் வர்க்க வரலாறு எழுதும்போது குழிக்குள் இறங்கியவனின் சாதியை மட்டும் ஏன் தோழரே அடித்துவிடுகிறீர்கள்?

குழியிலிருந்து ஏறி வந்தபோது என்ன நடந்தது? பதவி உயர்விலும் தாழ்த்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு என்று ரயில்வே வாரியம் ஆணை போட்டது. அதை எதிர்த்து வழக்குப் போட்டவர் வேறெங்கோ இல்லை, நம் தெற்கு ரயில்வேயில் இருந்தவர். ரங்காச்சாரி வழக்கு. சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1961இல் உச்சநீதிமன்றத்தில் ஐவரில் மூவர் ஒதுக்கீடு செல்லும் என்றார்கள். ஒரே ஓட்டு வித்தியாசம்! 1992இல் மண்டல் தீர்ப்பு அதையும் தள்ளிவைத்தது. 1995இல் 77ஆவது திருத்தம் வந்துதான் உரிமை திரும்பியது. இதுதான் ஐயா, உங்கள் 'ஒரே குடும்பம்'. அண்ணன் ஒரு படி ஏறினால் தம்பி கோர்ட்டுக்குப் போகிற குடும்பம்.

கரி எஞ்சின் போய்விட்டது. குழி போகவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ரயில் தண்டவாளத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதே சட்டம், அரசு அறிவிக்கும் கருவியும் கவசமும் தந்துவிட்டால் அந்த ஆள் மலம் அள்ளுபவரே ஆகமாட்டார் என்று ஒரு விளக்கமும் வைத்தது. கையுறை மாட்டினால் சாதி மறைந்துவிடுமாம்! 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம், காலக்கெடு வைத்து இதை ஒழிக்கும்படி ரயில்வேக்குச் சொன்னது. பெட்டிகளில் பயோ-டாய்லெட் வந்தது, நல்லது. ஆனால் துடைப்பம் காண்ட்ராக்ட்காரர் கைக்குப் போய்விட்டது. பி.எஃப். கேட்டால் நாளைக்கு வேலை இல்லை. தாத்தாவின் தினக்கூலி பேரனுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

1978 ஜூலையில் 12 தலித்துகள் படுகொலை செய்யப்பட்ட ஊர் அந்த விழுப்புரம். அரங்கில் இரண்டு மணி நேரம் அந்த ஊரைப் பற்றிப் பேசினார்கள். வேப்பமரம் வந்தது, விசில் வந்தது. அந்தப் பன்னிரண்டு பேர் வரவில்லை.

மாணவத் தோழர்களே, அவர்கள் எழுதட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஜோலார்பேட்டை, அரக்கோணம், விழுப்புரம், போத்தனூர் என்று உங்கள் ஊர் ரயிலடிக்குப் போங்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சேரியில் கிழவிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எந்தக் குழியில் யார் இறங்கினார், கூலி எவ்வளவு, குவார்ட்டர்ஸ் குழாயில் தண்ணீர் பிடிக்க விட்டார்களா என்று கேளுங்கள். அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். பெயர் போடச் சம்மதித்தால் பெயரோடு எழுதுங்கள். எந்தப் பதிவேட்டிலும் ஏறாத பெயர்கள் அவை.