சீட்டுக் குலுக்கி வைத்தியமா?

காயல்பட்டினத்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவருடைய உம்மாவுக்குச் சிகிச்சை நடக்கிறது. புது மருந்தொன்றை ஆராய்கிறார்களாம், அதைக் கொடுப்பதா, பழையதைக் கொடுப்பதா என்பதைக் குலுக்கல் தீர்மானிக்குமாம், கையெழுத்தும் கேட்கிறார்களாம். "உம்மாவின் உயிர் என்ன, சீட்டாட்டமா?" என்று சீறுகிறார். கோபம் நியாயமானதுதான்.

ஆனால் குலுக்கலின் காரணத்தையும் அறிய வேண்டாமா? வைத்தியரையே தேர்ந்தெடுக்க விட்டால், தேறக்கூடிய நோயாளிக்கே புது மருந்து போய்ச் சேரும். பிறகு குணம் மருந்தினாலா, உடற்கட்டினாலா என்று யார் சொல்வது? எந்த மருந்து என்பதை நோயாளிக்கும், சில சமயம் வைத்தியருக்குமே மறைத்துவைப்பதும் இதற்காகத்தான். நம்பிக்கை கண்ணை ஏமாற்றும். பழைய மருந்து பெறுவோர் ஒப்பீட்டுக் குழுவினர். சில சோதனைகளில் இவர்களுக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுப்பார்கள். தக்க மருந்து இருக்கும் கொடிய நோய்க்கு அப்படிச் செய்வது தர்மமல்ல.

நம் சென்னையிலேயே 1956-ல் தொடங்கிய சோதனை ஒன்றைப் பாருங்கள். க்ஷயரோகத்துக்குச் சானடோரியமே கதி என்பது அக்காலத்து வைத்திய வேதம். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போஷாக்கான ஆகாரம், ஓய்வு, தாதிகள். மற்றப் பிரிவினர் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இருவருக்கும் ஒரே மருந்து: ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்ஸும். ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டிலோ 86 பேர்! வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் அதனால் நோய் அதிகமாகத் தொற்றவில்லை. 1959-ல் வெளிவந்த இக்கணக்கு, உலகெங்கும் க்ஷயரோக வைத்தியத்தையே வீட்டுப் பக்கம் திருப்பிற்று. குலுக்காமல் இதை யார் நம்பியிருப்பார்கள்?

நிற்க, அந்தக் காகிதத்துக்கு ஒப்புதல் பத்திரம் என்று பெயர். புரியும் பாஷையில் நன்மை தீமை இரண்டையும் அதில் சொல்லியிருக்க வேண்டும். எந்த நாளிலும் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக்கூடாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி உண்டா, அரசாங்கப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். இப்பதிவு 2009 முதல் கட்டாயம். சோதனையால் கேடு நேர்ந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் 2019-ஆம் வருஷத்து விதிகளில் உண்டு. இரத்தினக் கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கும் ஊர்க்காரருக்குத் துருவிக் கேட்க நாம் கற்றுத்தர வேண்டியதில்லை.

இன்னொன்று: உம்மா நல்ல நினைவோடிருந்தால், அந்தச் சம்மதம் அவர்களுடையதாக இருக்க வேண்டும், மகனுடையதாக அல்ல. அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்று கடிதத்தில் காணோமே!