ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் இருக்கட்டும், தரை டிக்கெட் எவ்வளவு?

பழைய சினிமா தியேட்டர் பைத்தியங்கள் என்று ஒரு கூட்டம் நம்மிடையே உண்டு. சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. லீவு நாளில் கைக்காசு போட்டு பஸ் ஏறிப் போய், இடிக்கப்போகும் தியேட்டரைப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். எந்த ஊரில் எந்தக் கொட்டகை எப்போது திறந்தது, முதல் படம் என்ன, இப்போது அங்கே கல்யாண மண்டபமா குடோனா என்று பட்டியல் போடுவார்கள். எனக்கு இவர்களை ரொம்பப் பிடிக்கும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்தான். அதனால்தான் இந்தத் திட்டு. வேறு யாராவது என்றால் எனக்கென்ன என்று போயிருப்பேன்.

விஷயம் இதுதான். தியேட்டர் வரலாறு சேர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு தியேட்டர் பெருமையைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

மதுரை தங்கம் தியேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1952 தீபாவளிக்கு பராசக்தியோடு திறந்தது, 2563 இருக்கைகள், ஆசியாவிலேயே பெரியது என்று பெயர், இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். சரி, அந்த 2563-ல் மலிவு வகுப்பு எத்தனை? பெண்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள்? மலிவு டிக்கெட்காரர் எந்த வாசல் வழியாக உள்ளே போனார்? இன்டர்வெல்லில் முறுக்குத் தட்டு தூக்கிய பையன்களுக்குக் கூலி கொடுத்தது யார்? இத்தனை பேர் சேர்ந்து இத்தனை வருஷம் பேசியும் நம் பட்டியலில் இதற்கெல்லாம் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அப்புறம் அந்த 'முதல் தியேட்டர்' சண்டை. சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே டிராஃப்ட்ஸ்மேன். 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் தியேட்டர் அதுதான் என்று கோவைக்காரர் மார்தட்டுவார். உடனே சென்னைக்காரர், வார்விக் மேஜர் 1913-ல் மவுண்ட் ரோட்டில் கட்டிய எலக்ட்ரிக் தியேட்டரைக் கொண்டுவந்து நிறுத்துவார். விடிய விடிய ஓடும். எனக்கு என்னவோ, வின்சென்ட் கட்டடம் கட்டுவதற்கு முந்திய அந்த ஒன்பது வருஷம்தான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்த வருஷங்கள். பொட்டல் காட்டில் படம் போட்டு, மறுநாள் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த ஊர். ஆனால் பொட்டலைப் படம் எடுத்து மாட்ட முடியாதே!

கடுப்பாவதற்குக் காரணம் இருக்கிறது. போன வருஷம் இப்படிப்பட்ட ஒரு குழுவுக்கு எங்கள் பக்கத்து எஸ்டேட் சினிமாவைப் பற்றி ஆறு பக்கம் எழுதி அனுப்பினேன். பெரியவர் ஒருவர் அன்பாகத்தான் பதில் போட்டார். "தம்பி, நல்லா எழுதறீங்க. ஆனா இது தியேட்டர் இல்லையே. கட்டடம் எங்கே?" கூடவே, ஊட்டி தியேட்டர் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள் என்று ஒரு வரி. நீலகிரி என்றால் ஊட்டிதானே!

எங்கள் ஊர் தேவாலா. மாவட்டத்தின் மறுகோடி, பந்தலூர் தாலுகா, கேரளா எட்டிப்பிடிக்கும் தூரம். 1880 வாக்கில் தங்கம் கிடைக்கும் என்று லண்டன் கம்பெனிகள் வந்து தோண்டி, சில வருஷத்திலேயே கையைச் சுட்டுக்கொண்டு போன ஊர். ஜூனில் பிடிக்கும் மழை லேசில் விடாது. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள், பிறகு டேன்டீ ஆனவை, எங்களைச் சுற்றித்தான் இருக்கின்றன. என் தாத்தாவும் அப்படி வந்தவர்தான்.

1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 13-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குப் பொழுதுபோக்கு வசதி செய்து தர முதலாளிக்கு உத்தரவிடும் விதிகளை மாநில அரசு போடலாம் என்கிற பிரிவு. அதில் சினிமா என்ற சொல் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால், பொழுதுபோக்கு என்றாலே சம்பள நாளை ஒட்டி மைதானத்தில் கட்டிய வெள்ளைத் துணிதான். 16 எம்.எம். புரொஜெக்டர், பக்கத்தில் கடகடவென்று ஜெனரேட்டர். துரைக்கும் ஸ்டாஃபுக்கும் நாற்காலி, மேஸ்திரிக்கு பெஞ்ச், மற்றவர்களுக்குச் சாக்கு. இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்பக்கம் போய் உட்காருவார்களாம். அங்கிருந்து பார்த்தால் எம்.ஜி.ஆர். இடது கையால் கத்தி சுற்றுவார், எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பித் தெரியும். தாத்தா முதல் மூன்று படத்தைப் பின்பக்கத்திலிருந்துதான் பார்த்தாராம். எம்.ஜி.ஆர். இடதுகைக்காரர் என்றே ரொம்ப நாள் நினைத்திருக்கிறார் :)

இது தியேட்டர் இல்லையா? படம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, யார் எங்கே உட்கார வேண்டும் என்ற சட்டதிட்டம்கூட இருக்கிறது. சுவர் மட்டும்தான் இல்லை.

உட்காரும் இடத்தை நான் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் உண்டு. கார்த்திகேசு சிவத்தம்பி தமிழ் சினிமாவின் அரசியலைப் பற்றி 1981-ல் எழுதிய சின்னப் புத்தகத்தில் ஒரு முக்கியமான கருத்து வரும். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலை அரங்கம் சினிமாக் கொட்டகைதான், அங்கே இடத்தைத் தீர்மானித்தது பிறப்பு இல்லை, டிக்கெட்டுக்குக் கொடுக்கும் காசு என்பது அதன் சாரம். அதற்கப்புறம் தமிழ் சினிமா ஆராய்ச்சி எழுதும் எல்லோரும் இதைத் தொட்டுக்கொள்ளாமல் போவதில்லை. நல்லது. ஆனால் இது ஒவ்வொரு ஊரிலும் உண்மையா? எங்கள் மைதானத்தில் காசே இல்லை, இலவச சினிமா. அங்கே இடத்தைத் தீர்மானித்தது எஸ்டேட் பதவி. கூரையும் கிடையாது, சமமும் கிடையாது. சமவெளி ஊர்களில் தரை டிக்கெட்டுக்குள்ளேயே யார் முன்னால், யார் ஓரத்தில் என்று எழுதாத விதி இருந்ததா? இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆட்கள் இன்னும் நம் தெருக்களில் இருக்கிறார்கள். பேராசிரியர்கள் எல்லா ஊருக்கும் வந்து கேட்க முடியாது. நம்மைப் போன்ற வேலையற்ற கூட்டத்தால் முடியும். நாமோ முகப்பில் இருக்கும் சிமெண்ட் மயிலைப் படம் எடுத்து, அதன் மேல் நம் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெயர் போடும் வியாதி தனி. கட்டினவன் பெயர் தெரியாது, மேஸ்திரி பெயர் தெரியாது, கிளிக் செய்தவர் பெயர் மட்டும் கட்டடத்தை விடப் பெரிதாக இருக்கும்.

முகப்பு அழகு என்றால் அதையும் உருப்படியாகச் செய்தது நாம் இல்லை. ஹாபிட்ஸ், ஸோகே என்ற இரண்டு ஜெர்மன் புகைப்படக்காரர்கள் 2010-க்குப் பிறகு வந்து தென்னிந்தியத் தியேட்டர்களைச் சுற்றிச்சுற்றிப் படம் எடுத்து ஒரு புத்தகமே போட்டுவிட்டார்கள். ஆக அந்த வேலையும் முடிந்தது. மிச்சம் இருப்பது உள்ளே நடந்த கதை. அதை நம் மொழி தெரிந்தவர்கள்தான் கேட்க முடியும்.

"கட்டடத்தைக் காப்பாற்றுவதுதானே முக்கியம், நீ என்ன கதை கேட்கச் சொல்கிறாய்?" என்று ஒரு கட்சி வரும். அவர்களுக்கு: சஃபையர் 1994-ல் போயிற்று. சாந்தி 2016-ல். அகஸ்தியா 2020-ல். உதயம் 2024-ல். ஒவ்வொன்றுக்கும் கடைசிக் காட்சியில் அழுதோம், படம் எடுத்தோம், ஏதாவது ஒரு கல் நின்றதா? தமிழ்நாட்டில் பாரம்பரியக் கட்டட ஆணையத்துக்கு 2012-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டம் வந்த பிறகும்தான் இதில் மூன்று மூடப்பட்டன. எது தப்பித்தது என்று பாருங்கள். எலக்ட்ரிக் தியேட்டர் தப்பித்தது, ஏனென்றால் தபால் துறை கைக்குப் போய், இன்று தபால்தலைக்காரர்கள் கூடும் இடமாக இருக்கிறது. ஊட்டி அசெம்பிளி ரூம்ஸ் தனி முதலாளியின் சொத்தாக இல்லாமல் அறக்கட்டளையின் கையில் இருந்தது, அதனால்தான் வாரிசுகள் சண்டை போட்டு விற்காமல் நின்றது. சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. நம் கண்ணீர் அந்தப் பத்திரத்தில் சேராது.

இங்கிலாந்தில் 1967-ல் இதே மாதிரி சில பைத்தியங்கள் சேர்ந்து சினிமா தியேட்டர் அசோசியேஷன் என்று தொடங்கினார்கள். எல்லாம் தன்னார்வலர்கள்தான். லண்டன் டூட்டிங்கில் 1931-ல் கட்டிய கிரனாடா தியேட்டருக்கு 2000-ல் அந்த நாட்டின் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரம் கிடைத்தது. சினிமாவாக அதை நடத்த முடியவில்லை, உள்ளே பிங்கோ ஆடுகிறார்கள், ஆனால் கட்டடம் நிற்கிறது. அங்கே அதற்கேற்ற சட்டம் இருந்தது, சட்டத்தின் முன்னால் வைக்கக் காகிதமும் இருந்தது. வரைபடம், தேதி, கட்டிடக்கலைஞர் பெயர் எல்லாம். நம்மிடம் நாளைக்கே ஒரு நல்ல அதிகாரி வந்து, கொண்டா பார்ப்போம் என்றால் சிமெண்ட் மயிலைத்தான் நீட்டுவோம்.

நம்மூரிலேயே செய்து காட்டியவர் இருக்கிறார். ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் யார் சொல்லியும் ஆரம்பிக்கவில்லை. தமிழ்ப் படங்களின் பெயர், வருஷம், நடித்தவர், எடுத்தவர் என்று தானாகவே எழுதிச் சேர்த்துக்கொண்டே போனார். கடைசியில் அரசாங்கமே அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. அவர் எழுதியதில் பாதிக்கு மேல் யாருக்கும் தெரியாத, ஓடாத படங்கள். சூப்பர் ஹிட் மட்டும் எழுதுவேன் என்று அவர் உட்கார்ந்திருந்தால் இன்று தமிழ் சினிமா வரலாறு என்று பேச என்ன இருக்கும்? 2016-ல் போய்விட்டார். படத்துக்கு ஒரு ஆனந்தன் கிடைத்தார், கொட்டகைக்கு இன்னும் இல்லை.

வழி தெரியாமல் இல்லை. டூரிங் டாக்கீஸ் சும்மா கூடாரம் அடித்துவிட முடியாது. 1955 தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டம், 1957 விதிகள், இவற்றின் கீழ் கலெக்டரிடம் லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். லைசென்ஸ் என்றால் ஃபைல். ஃபைல் என்றால் இடம், காலம், எத்தனை பேர் உட்காரலாம் என்ற கணக்கு. 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம். ஃபைலை அழித்துவிட்டோம் என்று பதில் வந்தாலும் அதுவும் எழுதிவைக்க வேண்டிய செய்திதான்.

ஆட்களுக்கு அந்தப் பத்து ரூபாய்கூட வேண்டாம். கூடலூர் பக்கம் ஒரு பழைய ஆபரேட்டரைப் பிடித்தேன். கொட்டகையில் ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற ஒரு படத்துக்கு மூன்று இன்டர்வெல், அதில்தான் டீக்கடைக்காரர் பிழைத்தார் என்றார். படப்பெட்டி பஸ்ஸில் வரும், நாடுகாணி பக்கம் ரோட்டில் மரம் விழுந்தால் அன்றைக்குப் பெட்டி வராது, முந்தின நாள் படத்தையே மறுபடி ஓட்டுவோம், யாரும் காசைத் திருப்பிக் கேட்டதில்லை என்றார். மழை தகரத்தில் அடித்தால் வசனம் கேட்காது, பாட்டுக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டுவாராம். இரண்டு மணி நேரம் பேசினார். நான் கிளம்பும்போது, இதையெல்லாம் இதுவரை யாருமே கேட்டதில்லை என்று சொன்னார்.

அவருக்கு வயது எண்பதுக்கு மேல். 2022-ல் டேன்டீ நிலத்தில் 2000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவு செய்தது. ஓய்வு பெற்றவர்கள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்ற பயம் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. கோயம்புத்தூர், திருப்பூர் என்று பிள்ளைகளோடு போகிறவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். மைதானத்தில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று தெரிந்தவர்கள் இவர்கள்தான்.

வரும் மே மாத லீவில் பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் பக்கம் வீடு வீடாகப் போகப்போகிறேன். இதுவரை ஏழு பேரிடம் பேசி எழுதி வைத்திருக்கிறேன். மலையாளம் நன்றாகப் பேசத் தெரிந்த வகுப்புத் தோழர் யாராவது கூட வந்தால் உதவியாக இருக்கும், ஏனென்றால் பத்தேரிக்குப் போய்ப் படம் பார்த்தவர்களை நான் தொடவே இல்லை. தங்க எங்கள் வீடு இருக்கிறது. அட்டைக்கு உப்பு கொண்டு வாருங்கள், நல்ல கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை.