துஆ கேட்டோம், பிள்ளையிடம் கேட்டோமா?



மஹரகம வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேனர் வாங்க 2016இல் 20 கோடி ரூபா சேர்த்த நாடு இது. ஜும்ஆ முடிந்து உண்டியல் ஏந்துவதில் நாமும் குறை வைப்பதில்லை.

ஆனால் புற்றுநோய் வந்த பதினைந்து வயதுப் பிள்ளையிடம் என்ன பேசுகிறோம்? "ஒன்றுமில்லை மகள், சின்ன வருத்தம்." நோயின் பெயரையே மறைக்கிறோம். அதே பிள்ளையின் முடி கொட்டிய படத்தை மட்டும் ஊரெல்லாம் வட்ஸ்அப்பில் அனுப்பி துஆ கேட்கிறோம்! பிள்ளையிடம் அனுமதி கேட்டது யார்?

முடி போன கவலையா, ஓ.எல். கவலையா, கூட்டாளிமார் மறந்துவிடுவார்கள் என்ற பயமா? பார்க்க வருகிற பெரியவர்கள் முன்னால் நின்று அழுதால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது. கொப்பி கொடுத்தால் எழுதக்கூடும், அதுவும் தன் தமிழிலேயே. 1986இல் அமெரிக்க உளவியலாளர் பென்னிபேக்கர், சுகமாயிருந்த மாணவர்களையே நான்கு நாட்கள், தினம் 15 நிமிடம் மனத்துயரை எழுத வைத்தார். பிறகு அவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. கொப்பி புற்றுநோயை மாற்றும் என்று நாம் சொல்லவில்லை, மருந்து மருந்துதான்.

பிள்ளை தானாகக் காட்டினால் மட்டும் வாசியுங்கள். (சக ஆசிரியர்களே, சிவப்புப் பேனையை எடுக்க வேண்டாம்.)

அடுத்த முறை மஹரகமவுக்குப் போகும்போது அப்பிளோடு ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு போங்கள். குழுக்களில் கிடக்கும் அந்தப் படங்களை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.