மூலமொழி அறியா ஒப்பாய்வு: ருஷ்ய மொழிக் கல்வியும் தமிழாய்வும்

தமிழ்ப் புனைகதை வளர்ச்சியில் ருஷ்ய இலக்கியம் பெற்றுள்ள இடம் பெரிது. தால்ஸ்தோய், தஸ்தயேவ்ஸ்கி, செகாவ், கார்க்கி ஆகியோரைத் தமிழ்ப் படைப்பாளருடன் ஒப்பிட்டு ஆராயும் போக்கும் தமிழாய்வில் வேரூன்றியுள்ளது. ஆயின், அவ்வாறு ஒப்பிடுவோர் ருஷ்ய மொழியைக் கற்றனரா என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. சங்கப் பாடல்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் மட்டும் படித்த ஒருவர் அகத்திணைக் கோட்பாட்டை ஆராயப் புகுந்தால், தமிழறிஞர் அதனை ஆய்வென ஏற்பரோ? ஏலார். தம் மொழிக்கு வேண்டும் அளவுகோலைப் பிறர் மொழிக்கு மறுப்பது முறையன்று.

மொழிபெயர்ப்பே போதும் என்னும் வாதம்

படைப்பின் கருத்து மொழிபெயர்ப்பில் கிடைத்துவிடுகிறது. ஒப்பாய்வுக்கு அதுவே போதும் என்பர் சிலர். இக்கூற்று பொருந்தாது என்பதற்கு ஒரு சான்று போதும். ருஷ்ய மொழியில் முன்னிலையைச் சுட்ட 'தி' என்னும் ஒருமையும், மரியாதைப் பன்மையாகவும் வழங்கும் 'வி' என்பதும் உண்டு. 'குற்றமும் தண்டனையும்' நாவலில், தான் செய்த கொலையை ரஸ்கோல்நிகோவ் சோனியாவிடம் வெளிப்படுத்துகிறான். அதுவரை அவனைப் பன்மையில் விளித்துவந்த அவள், அவனைத் தழுவிக்கொண்டு இரங்கும் நொடியில் ஒருமைக்கு மாறுகிறாள். பின்னரும் அவள் பேச்சு இரண்டிற்கும் இடையே ஊசலாடுகிறது. அக்காட்சியின் உயிர்நிலையே அம்மாற்றம்தான். ஆங்கிலத்தின் 'யூ' இதனை விழுங்கிவிடுகிறது.

இதில் வியப்பு யாதெனில், 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாட்டை உடைய தமிழ் அம்மாற்றத்தைச் சிதைவின்றி ஏற்க வல்லது. இடைநிற்கும் ஆங்கிலமே தடை. ஆங்கில வழி மொழிபெயர்ப்பவர் தம் ஊகத்தாலேயே அவ்விடத்தை நிரப்பவேண்டியுள்ளது. அவ்வூகத்தை அடித்தளமாகக் கொண்டு பாத்திர உறவு பற்றி ஆய்வேடு முடிபு கூறுமாயின், அம்முடிபு தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றியதன்று.

பன்மை எப்போதும் மரியாதையே எனக் கொள்வதும் பிழை. 'அன்னா கரீனினா'வில் கரேனின் தன் மனைவிக்குப் பிரெஞ்சு மொழியில் கடிதம் எழுதுகிறான். ருஷ்யப் பன்மையில் உள்ள குளிர்ச்சி பிரெஞ்சுப் பன்மையில் இல்லை என்பதைத் தால்ஸ்தோயே சுட்டுகிறார். அவர் சொல்லிய இடம் ஆங்கிலத்திலும் விளங்கும்; சொல்லாது விட்ட இடங்கள் ஊமையாகிவிடும். 'குற்றம்' எனப் பெயர்க்கப்படும் ருஷ்யச் சொல்லின் வேர்ப்பொருள் 'எல்லை கடத்தல்' என்பதும், ரஸ்கோல்நிகோவின் கொள்கையே 'கடத்தல்' என்னும் கருத்தைச் சுற்றி அமைவது என்பதும் மூலமறியாதார்க்குப் புலப்படா.

இது மொழிபெயர்ப்பாளரைக் குறைகூறுவதன்று. 'போரும் அமைதியும்' நாவலை டி.எஸ். சொக்கலிங்கமும், 'தாய்' நாவலைத் தொ.மு.சி. ரகுநாதனும் தமிழுக்குத் தந்தது அருந்தொண்டு. மாஸ்கோவில் பணியாற்றிய பூ. சோமசுந்தரம் ருஷ்ய மொழியிலிருந்தே பெயர்த்தார். எனினும், வாசகர்க்குப் போதுவது ஆய்வாளர்க்குப் போதாது.

பயனில்லை என்னும் வாதம்

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் ருஷ்ய மொழியால் யாது பயன் என்பது மற்றொரு வாதம். இதற்கு விடை ருஷ்யத் தமிழறிஞரிடமே உள்ளது. பியாத்திகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்-ருஷ்ய அகராதி 1960இல் வெளிவந்தது. அந்திரோனோவ் தமிழ் இலக்கணத்தை ஆராய்ந்தார். அன்றைய அரசியல் சூழல் அவர்கட்குத் துணைசெய்தது உண்மையே. ஆயின் அச்சூழல் மறைந்த பின்னும், 2020இல் மறைந்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி மாஸ்கோவில் தமிழ் கற்பித்தார். சங்க இலக்கியத்தைத் தமிழிலேயே படித்து ஆராய்ந்தார். அவருக்குத் தமிழால் சந்தைப்பயன் யாதும் இருந்ததில்லை. அவ்வுழைப்பைப் பாராட்டி விழா எடுக்கும் தமிழுலகம், அதற்கு ஈடாக ருஷ்ய அரிச்சுவடியையும் கற்க முன்வராதிருப்பது நாணத்தக்கது.

செய்யத்தக்கன

வாய்ப்பு இல்லை என்பதும் சாக்கே. 1965இல் தில்லியில் தொடங்கப்பெற்ற ருஷ்யவியல் நிறுவனம் பின்னர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அங்குத் தமிழும் ருஷ்யமும் ஒரே வளாகத்தில் பயிற்றப்படுகின்றன. தில்லிப் பல்கலைக்கழகத்திலும் இரு மொழிகளும் உள்ளன. ஐதராபாத்திலும் ருஷ்யம் கற்கலாம். ருஷ்ய இலக்கியத்தை ஒப்பாய்வுக்கு எடுப்போர்க்கு ஈராண்டு மொழிப்பயிற்சி கட்டாயமாதல் வேண்டும். ஆய்வேட்டை மதிப்பிடுவோருள் ருஷ்யம் அறிந்த ஒருவரேனும் இடம்பெறல் வேண்டும்.

இவை இயலாவெனின் தலைப்பையேனும் நேர்மையாக இடுதல் தகும். 'தமிழ் மொழிபெயர்ப்பில் ருஷ்ய நாவல்கள்' என்பது மதிப்புமிக்க ஆய்வுக்களம். எக்காலத்து வாசகர் எவற்றைப் படித்தனர், எவ்வாறு ஏற்றனர் என ஆராய அங்கு இடம் மிகுதி. அதனைச் செய்துவிட்டு 'தஸ்தயேவ்ஸ்கியின் நடையியல்' எனப் பெயரிடுவதே பிழை. அவ்வாறு பெயரிட்ட ஏட்டில் ஒப்பிடப்படுவோர் தமிழ்ப் படைப்பாளரும் ஆங்கில மொழிபெயர்ப்பாளரும் மட்டுமே. தஸ்தயேவ்ஸ்கி அங்கு இல்லை.